கூர்க்காவுக்கு லீவு

ராத்திரி ஒரு மணி. தெருவில் கூர்க்கா தடியைத் தட்டிக்கொண்டே வருகிறார். திருடன் வருகிறானோ இல்லையோ, உங்கள் தூக்கம் போச்சு. அதுவே வினாடிக்கு ஆயிரம் தட்டு என்றால்?

கம்ப்யூட்டருக்கு நடந்தது அதுதான்.

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து வைத்தது லினக்ஸ். அதன் இதயம் கெர்னல். எந்த வேலைக்கு எப்போது ப்ராசஸரைக் கொடுப்பது என்று பங்குபோடும் கணக்குப்பிள்ளை. அவருக்கு நேரம் தெரிய வேண்டாமா? அதற்காக ஒரு 'டிக்'. சாதாரண பிசியில் முதலில் வினாடிக்கு 100. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் 1,000.

வேலை இருக்கும்போது சரி. இல்லாதபோது ப்ராசஸர் தூங்கப் போகும். அதில் படிகள் உண்டு. அரைத்தூக்கம் என்றால் டக்கென்று எழுந்துவிடலாம். கரண்ட் மிச்சம் கொஞ்சம்தான். ஆழ்ந்த தூக்கத்தில் மிச்சம் அதிகம், எழத்தான் நேரமாகும். ஆனால், கண் அசரும் முன்பே அடுத்த டிக்! சும்மா இருந்தே லேப்டாப் பேட்டரி கரைந்தது.

2005-ல் 250 ஆகக் குறைத்தார்கள். 2007 ஏப்ரலில், தாமஸ் க்ளீக்ஸ்னர், இங்கோ மோல்னார் உழைப்பில், 2.6.21 பதிப்பு ஒரே போடாகப் போட்டது. வேலை இல்லையா? டிக்கை நிறுத்து. கூர்க்காவுக்கு லீவு. அடுத்த மாதமே இன்டெல் 'பவர்டாப்' என்ற கருவியை வெளியிட்டது. ப்ராசஸரை எழுப்புவது யார் யார் என்று பெயர் போட்டுக் காட்டியது அது. வெட்டியாக எழுப்பிய புரோகிராம்கள் வரிசையாக மாட்டின, திருந்தின.

சுபம் போட்டுவிடலாமா? கூடாது.

2017-ல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். சும்மா கிடக்கும் சர்வர் சில சமயம் தேவைக்கு மேல் மின்சாரம் குடிக்கிறது. காரணம், கெர்னல் பார்த்த ஜோசியம். முந்தைய தூக்கங்களை வைத்து அடுத்த தூக்கத்தின் நீளத்தைக் கணிக்கிறது. 'இதோ எழுப்பிவிடுவார்கள்' என்று அரைத்தூக்கத்தில் போடுகிறது. யாரும் எழுப்பவில்லை. டிக்கும் நிறுத்தியாச்சு. தப்பைத் திருத்த ஆளில்லை. அரைத்தூக்கம் வினாடிக்கணக்கில் நீள்கிறது. அவர்கள் வைத்த பெயர் 'பவர்நைட்மேர்ஸ்'. மின்சாரக் கெட்ட கனவு!

2018-ல் இன்டெல்லைச் சேர்ந்த ரஃபேல் வைசாக்கி முன்னின்று திருத்தினார். 4.17 பதிப்பில் வந்தது. செய்தது என்ன? வரிசையை மாற்றினார். முன்பு டிக்கை நிறுத்திவிட்டுத்தான் ஜோசியம். இப்போது முதலில் ஜோசியம். நீண்ட தூக்கம் என்றால் டிக் நிற்கும். குட்டித் தூக்கம் என்றால் ஓடும். கணிப்பு பொய்த்தால் டிக் எழுப்பிவிடும். மறுபடி யோசித்து ஆழ்ந்து தூங்கலாம்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது பழகிய பாடம். ஆடிட்டர் ஃபீஸ் தண்டம் என்று அவரை நிறுத்திவிட்டால் அந்தச் செலவு மிச்சம்தான். ஆனால், கணக்கில் விழுந்த தப்பு அப்படியே கிடக்கும். ஒரு மெஷினில் சில்லறை. ஆயிரக்கணக்கில் மெஷின்கள் நிற்கும் டேட்டா சென்டரில் அது பெரிய பில்.

கூர்க்காவுக்கு லீவு கொடுக்கலாம். என்றைக்குக் கொடுப்பது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.