ஒரு வினைச்சொல் ஆறு தாண்டிய கதை

குழந்தையை மார்போடு சேர்த்ததும் அணைத்தது; வாழைத் தூரில் மண்ணைக் கூட்டியதும் அணைத்ததுதான். வீட்டிலும் வயலிலும் புழங்கிய ‘அணை’ என்ற இந்த வினைச்சொல் காவிரிக் கரையில் ‘கட்டு’ என்ற இன்னொன்றோடு சேர்ந்தது. சேர்த்துவைத்தது, வழி தவறத் துடித்த ஓர் ஆறு.

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்த வடகிளையான கொள்ளிடம் தாழ்வாக ஓடியது. கொஞ்ச தூரத்திலேயே காவிரித் தண்ணீர் மறுபடி அந்தப் பள்ளத்தில் விழப் பார்த்தது. விழுந்திருந்தால் தஞ்சை நெல்வயல்கள் காய்ந்திருக்கும். அதை மறித்து ஏறக்குறைய 1,080 அடி நீளத்துக்குக் கல்லணை எழுந்தது. கட்டியவன் கரிகாலன் என்பது மரபு. அடியில் பாறை இல்லை, வெறும் மணல். பிறகு எப்படி நின்றது?

1799-ல் தஞ்சாவூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1804-ல் கேப்டன் கால்டுவெல் ஆற்றை ஆராய்ந்து, கல்லணையை உயர்த்தச் சொன்னார். உயர்த்தியும் பயனில்லை, காவிரியில் மணல் ஏறிக்கொண்டே போக, தண்ணீர் கொள்ளிடத்தின் பக்கமே சாய்ந்தது. அப்போது வந்து சேர்ந்தார் ஆர்தர் காட்டன் என்ற இளம் எஞ்சினீயர்.

கல்லணையின் ரகசியம் அவருக்குப் பிடிபட்டது. ஆற்றில் போட்ட கற்கள் மணலில் புதைந்தன. அவற்றின் மேல் மேலும் கற்களைப் போட்டார்கள். கடைசியில் அசையாத ஓர் அடித்தளம் கிடைத்தது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை உள்ளூர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று காட்டனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்தத் துணிவோடு 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பிலும் அணைக்கரையிலும் வேலை தொடங்கியது. வித்தையோடு வேறொன்றும் வெள்ளைக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டது.

அது ‘அணைக்கட்டு’ என்ற சொல். அவர்கள் நாக்கில் அது ‘அனிகட்’ ஆனது; கல்லணை ‘கிராண்ட் அனிகட்’ ஆனது. 1847-ல் காட்டன் கோதாவரிக்குப் போய் தவளேசுவரத்தில் வேலையைத் தொடங்கியபோது சொல்லும் கூடவே போனது. ஆங்கில அகராதியில் ஏறுவதுதான் பாக்கி.

அதற்கும் தஞ்சாவூரில் ஒருவர் இருந்தார். மாவட்ட நீதிபதி ஏ.சி. பர்னெல், அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். ஹென்றி யூலோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886-ல் வெளிவந்தது. ‘அனிகட்’ தமிழ்ச் சொல் என்று அதில் பதிவானது. அச்சில் பார்க்கப் பர்னெல் இல்லை, 1882-லேயே இறந்துவிட்டார்.

காவிரியையே பார்க்காத ராஜஸ்தானில் இன்று ஓடைகளின் குறுக்கே கட்டும் தடுப்பணைகளுக்கு அரசு ஆவணங்களில் பெயர், ‘அனிகட்’.