வெற்றிடத்துக்கும் ஒரு கையேடு: இசைக்குறிப்பு அச்சின் சிறு வரலாறு



இந்த முறை கொஞ்சம் விசித்திரமான தலைப்பு. ஒரு பக்கத்தில் எதுவுமே அச்சாகாத இடத்தைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை! சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பாடகர் குழுவுக்காக ஒரு நான்கு குரல் பாடலைக் கணினியில் தட்டச்சு செய்து அச்சிட்டேன். இரண்டு பக்கத்தில் முடிய வேண்டிய பாட்டு. கடைசி வரி மட்டும் தனியாக மூன்றாவது பக்கத்துக்கு ஓடிப் போய்விட்டது. மென்பொருளில் 'தூரம்' என்று பெயர் தெரிந்த ஓர் எண்ணைக் குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. வேறோர் எண்ணைக் குறைத்தேன், பாடல் வரிகள் போய் அடுத்த வரியின் உச்ச ஸ்வரத்தில் முட்டிக்கொண்டன. கையேட்டைப் படிக்காதது என் தப்புதான். நிகழ்ச்சி அன்று கடைசி அடி வந்தபோது பாதிப் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். :-(

அந்த அவமானத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் சில சொற்கள்

மேற்கத்திய இசைக்குறிப்பில் ஸ்வரங்கள் உட்காரும் ஐந்து கோடுகளுக்கு ஸ்டாஃப் என்று பெயர். ஒரே நேரத்தில் ஒலிக்கவேண்டிய ஸ்டாஃப்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் அது ஒரு சிஸ்டம். நான்கு குரல் பாட்டில் நான்கு ஸ்டாஃப் சேர்ந்து ஒரு சிஸ்டம். பக்கத்தில் மேலிருந்து கீழாக இப்படிச் சில சிஸ்டம்கள் இருக்கும்.

இந்த இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவு இருக்கக் கூடாது. ஒரே சிஸ்டத்துக்குள் இருக்கும் ஸ்டாஃப்கள் நெருக்கமாகவும், இரண்டு சிஸ்டம்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாகவும் இருந்தால்தான் பாடுபவரின் கண் அடுத்த வரிக்குத் தவறாமல் தாவும். ஆக, அந்த வெற்றிடமும் ஒரு குறியீடுதான்.

சுத்தியலும் தகடும்

1501ல் வெனிஸ் நகரில் ஒட்டாவியானோ பெட்ருச்சி பல குரல் இசையை அச்சு எழுத்துக்களால் அச்சிட்டு ஒரு தொகுப்பாக வெளியிட்டார். கோடுகளுக்குத் தனியாக, ஸ்வரங்களுக்குத் தனியாக என்று ஒரே தாளைப் பல முறை அச்சில் ஏற்றவேண்டும். 1528ல் பாரிஸில் பியேர் அத்தென்யான் இதைச் சுருக்கினார். ஒவ்வொரு அச்சு எழுத்திலும் ஸ்வரமும் அதன் பின்னால் உள்ள கோட்டுத் துண்டும் சேர்ந்தே இருந்ததால், ஒரே அழுத்தத்தில் வேலை முடிந்தது. வேகம் கிடைத்தது, ஆனால் கோடுகள் துண்டு துண்டாகத் தெரிந்தன.

பிறகு வந்தது உலோகத் தகட்டில் செதுக்கும் முறை. வெள்ளீயமும் ஈயமும் கலந்த மெத்தென்ற தகடு. ஐந்து முனை கொண்ட ஒரு கருவியால் ஐந்து கோடுகளையும் ஒரே இழுப்பில் கீறுவார்கள். ஸ்வரத் தலைகளை முத்திரை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். தண்டுகளையும் வளைவுகளையும் உளியால் செதுக்குவார்கள். எல்லாமே கண்ணாடி பிம்பமாக, வலமிருந்து இடமாக!

இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது இதுதான். கோடு கீறுவதுதான் முதல் வேலை. அதாவது ஒரு ஸ்வரம்கூடத் தகட்டில் விழுவதற்கு முன்பே, எத்தனை சிஸ்டம், எங்கே எவ்வளவு வெற்றிடம், பக்கம் எங்கே திரும்பும் என்று எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். எந்த இடத்தில் உயர்ந்த ஸ்வரம் வருகிறது, எங்கே பாடல் வரி வருகிறது என்று மூலப் பிரதியை முழுக்கப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் கருவியைக் கையில் எடுப்பார்கள். சின்னப் பிழை என்றால் தகட்டின் பின்பக்கம் தட்டிச் சமப்படுத்தித் திருத்தலாம். இடைவெளிக் கணக்கே தப்பினால் புதுத் தகடுதான்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரம் இந்தத் தொழிலின் தலைநகரம் மாதிரி இருந்தது. பட்டறையில் பல வருடம் குருவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் படியும். இடைவெளி விஷயம் பெரும்பாலும் கண்ணளவு. 'இங்கே கொஞ்சம் விடு, அங்கே கொஞ்சம் இறுக்கு' என்பதுதான் பாடம். 1943 டிசம்பரில் லைப்சிக்கின் அச்சுத் தொழில் பகுதி குண்டுவீச்சில் அழிந்தது. அதன் பிறகும் தகட்டு வேலை நடந்தது, ஆனால் கணினி வந்ததும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கண்ணளவு தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றபோது அந்த அறிவில் பெரும்பகுதி அவர்களோடே போய்விட்டது.

கணினி வந்தது, கண் வரவில்லை

1970களில் ஸ்டான்ஃபோர்டில் லீலண்ட் ஸ்மித் 'ஸ்கோர்' என்ற நிரலை எழுதினார். 1988ல் ஃபினாலே, 1993ல் சிபேலியஸ். இப்போது யார் வேண்டுமானாலும் இசைக்குறிப்பு அச்சிடலாம். ஆனால் கணினிக்கு வெற்றிடம் என்றால் வெறும் எண்தான். 'கொஞ்சம் விடு' என்றால் அதற்குப் புரியாது.

1996ல் நெதர்லாந்தில் ஹான்-வென் நியன்ஹௌஸ், யான் நியூவென்ஹௌசன் என்ற இருவர் லிலிபாண்ட் என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள். பழைய கைச்செதுக்குப் பதிப்புகளின் அழகைக் கணினியில் கொண்டு வரவேண்டும் என்பதுதான் குறிக்கோள். பாக்கின் செல்லோ தொகுப்புகளுக்கு பேரன்ரைட்டர் நிறுவனம் 1950ல் வெளியிட்ட கைச்செதுக்குப் பதிப்பையும் ஹென்லே நிறுவனம் 2000ல் வெளியிட்ட கணினிப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று அவர்கள் தங்கள் ஆவணத்திலேயே விளக்கியிருக்கிறார்கள்.

லிலிபாண்டில் சுட்டியால் எதையும் இழுத்து நகர்த்த முடியாது. உரைக் கோப்பாக எழுதித் தரவேண்டும், மென்பொருள் பக்கத்தை அமைக்கும். ஆகவே பக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்தே ஆகவேண்டும். வேறு மென்பொருளில் ஆவணம் ஒரு துணை என்றால், இங்கே ஆவணம்தான் கைப்பிடி.

நான்கு எண்களின் கதை

2008ல் வந்த 2.12 பதிப்பில் 'ஸ்கைலைன்' முறை வந்தது. ஒரு தெருவைத் தூரத்திலிருந்து பார்த்தால் மாடி வீடும் ஓட்டு வீடுமாகக் கூரைகள் ஏறி இறங்கி ஒரு கோடாகத் தெரியுமே, அப்படி ஒவ்வொரு வரியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மென்பொருள் கணக்கிடும். மேல் வரி தாழும் இடமும் கீழ் வரி உயரும் இடமும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் மோதாமல் நெருக்கி வைக்கலாம்.

2011ல் வந்த 2.14 பதிப்பில் செங்குத்து இடைவெளி முறையையே புதிதாக அமைத்தார்கள். ஒவ்வோர் இடைவெளிக்கும் நான்கு எண்கள்:

1. பேசிக் டிஸ்டன்ஸ்: நெருக்கடி எதுவும் இல்லாதபோது இருக்கவேண்டிய இயல்பான தூரம்.
2. மினிமம் டிஸ்டன்ஸ்: பக்கத்தில் இடம் போதாமல் நெருக்கும்போதும் இதற்குக் கீழே போகக்கூடாது.
3. பேடிங்: மேலே உள்ள வரியின் விளிம்புக்கும் கீழே உள்ளதன் விளிம்புக்கும் நடுவே கட்டாயம் இருக்கவேண்டிய வெள்ளை இடம்.
4. ஸ்ட்ரெச்சபிலிட்டி: பக்கத்தில் இடம் மிச்சமிருந்தால் மற்ற இடைவெளிகளோடு ஒப்பிட்டு இது எவ்வளவு விரியும்.

ஆக ஒவ்வோர் இடைவெளியும் ஒரு சுருள்வில் மாதிரி. டொனால்ட் கனூத் தன் டெக் அச்சுக்கோப்பு நிரலில் சொற்களுக்கு நடுவே விரிந்து சுருங்கும் இடைவெளி வைத்தாரே, அதே எண்ணத்தின் உறவுக்காரர்.

இரண்டு சிஸ்டம்களுக்கு நடுவே முன்னிருப்பாக வரும் எண்கள் 12, 8, 1, 60. முதல் இரண்டும் ஸ்டாஃபின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு அளப்பவை. மூன்றாவது விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளப்பது. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பேடிங்கை 1லிருந்து 2 ஆக்கினால் பல பக்கங்களில் ஒரு மாற்றமும் தெரியாது, ஏனென்றால் இயல்பான தூரமே அதைவிட அதிக இடம் விட்டிருக்கும். இயல்பான தூரத்தைக் குறைத்தாலும் சில சமயம் பலன் இருக்காது, ஏனென்றால் கடைசிப் பக்கம் தவிர மற்றவற்றை அடிவரை நிரப்ப மென்பொருள் மறுபடி இழுத்து விரித்துவிடும். 'நான் எண்ணை மாற்றினேன், பக்கம் மாறவில்லை' என்ற புலம்பலுக்கு இந்த இரண்டும் முக்கியமான காரணங்கள்.

பெயரே பாதி கையேடு

2.12ல் இருந்த பெயர்களைத் தமிழில் சொன்னால் 'பக்க மேலிடம்', 'தலைப் பிரிவு', 'சிஸ்டம் நடு இடம்' என்கிற மாதிரி ஆளுக்கொரு பாணி. எதிலிருந்து எதுவரை என்று பெயரிலிருந்து தெரியாது. 2.14ல் ஒரே விதி வைத்தார்கள்: முதல் பொருள், இரண்டாம் பொருள், பிறகு இடைவெளி. சிஸ்டம்-சிஸ்டம் இடைவெளி, தலைப்பு-சிஸ்டம் இடைவெளி, கடைசி வரி-அடி இடைவெளி. பெயரைப் படித்தாலே மேலே எது கீழே எது என்று புரிந்துவிடும்.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் இதுதான். விளக்கம் எழுத உட்காரும்போதுதான் ஒரு பெயர் எவ்வளவு மோசம் என்று தெரியும். ஒரு பெயரை விளக்க மூன்று பத்தி தேவைப்பட்டால், பத்தியைத் திருத்துவதை விடப் பெயரைத் திருத்துவது மேல்.

அதற்கு முன்பே, 2007-2008ல், தன்னார்வலர்கள் சேர்ந்து லிலிபாண்டின் ஆவணங்களைப் பெரிய அளவில் திருத்தி எழுதினார்கள். கற்றுக்கொள்பவருக்கு ஒரு நூல், தேடிப் பார்ப்பவருக்கு ஒரு நூல் என்று பிரிந்தது. அதில் உள்ள எடுத்துக்காட்டுப் படங்களை மென்பொருளே அச்சிட்டுத் தருகிறது என்பதால் படமும் உரையும் ஒத்துப்போகும். ஆனால் செங்குத்து இடைவெளிக்கு இதில் ஒரு சிக்கல். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிதான். பக்க இடைவெளியோ முழுப் பக்கம் இருந்தால்தான் தெரியும்! ஒரு செங்கல்லைக் காட்டி வீட்டை விளக்க முடியுமா?

என்னைக் கேட்டால் நல்ல ஆவணத்துக்கு மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, ஒரே பாட்டின் முழுப் பக்கம், ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை மட்டும் மாற்றி. இரண்டு, 'மாற்றினேன், ஏன் நகரவில்லை?' என்ற கேள்வியிலிருந்து தொடங்கும் ஒரு பகுதி. மூன்று, தூரங்களைப் பக்கத்திலேயே அம்புக்குறி போட்டு எழுதிக் காட்டும் வசதியைப் பற்றி முதல் பத்தியிலேயே சொல்வது. லிலிபாண்டில் அந்த வசதி இருக்கிறது, 'அனொடேட் ஸ்பேசிங்' என்று பெயர். எனக்கு மட்டும் அது முதலிலேயே தெரிந்திருந்தால்!

இதெல்லாம் எதற்கு?

2012ல் சிபேலியஸின் லண்டன் குழுவை அதன் உரிமையாளர் நிறுவனம் கலைத்தது. அந்தக் குழுவினர் வேறு நிறுவனத்துக்குப் போய் 2016ல் டொரிக்கோவைக் கொண்டுவந்தார்கள். 2024 ஆகஸ்டில், 35 வருடத்துக்குப் பிறகு, ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. எந்தப் பட்டியலில் எந்தப் பொத்தான் என்று விரல்நுனியில் வைத்திருந்தவர்களுக்கு அந்த அறிவு ஒரே நாளில் பழசானது. ஆனால் 'இந்த இடைவெளி ஏன் இவ்வளவு' என்று புரிந்து வைத்திருந்தவர்கள் எந்த மென்பொருளுக்கும் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

2011ல், 2.14 வந்த அதே வருடம், எலைன் கூல்ட் என்ற பதிப்பாசிரியர் இசைக்குறிப்பு எழுதும் முறைகளை ஏறக்குறைய 700 பக்கத்தில் 'பிஹைண்ட் பார்ஸ்' என்ற நூலாகக் கொண்டுவந்தார். பட்டறையில் காதோடு சொன்னதை ஒருவர் நூலாக எழுதினார், சிலர் மென்பொருள் கையேடாக எழுதினார்கள். இரண்டுமே அந்தக் கண்ணளவைச் சாகவிடாமல் பிடித்து வைக்கும் முயற்சிதான்.

பி.கு: அந்த நான்கு குரல் பாட்டை மறுபடி அச்சிட்டேன். நான்கு எண்களையும் புரிந்துகொண்டு மாற்றினேன், இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டது. அடுத்த நிகழ்ச்சியில் எல்லோரும் கடைசி அடியைச் சேர்ந்தே பாடினோம். தாள் நன்றாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதுதான் வெற்றி என்று நினைக்கிறேன். :-)