வருஷத்துக்கு ஒரு ரயில்

2008 ஜனவரி 29. சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகர் சாங்ஷா. அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு பெரியவர் கையில் மெகாபோனோடு நிற்கிறார். வயது 65. எதிரே மூட்டை முடிச்சுகளோடு பெரும் கூட்டம். வண்டி எப்போது வரும், வருமா என்பதே தெரியாமல் குளிரில் காத்துக் கிடக்கிற ஜனம். பெரியவர் பேசுகிறார். உங்களை இப்படித் தவிக்கவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், புத்தாண்டுக்கு உங்களை வீட்டுக்கு அனுப்பிவைக்க ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம் என்கிற ரீதியில்.

அவர் ஸ்டேஷன் மாஸ்டர் அல்ல. வென் ஜியாபாவ். சீனப் பிரதமர்.

ரயில் ஓடவில்லை என்பதற்காக ஒரு பிரதமர் பிளாட்பாரத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்பது எந்த ஊரிலும் சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. சீனாவில் கேட்கவே வேண்டாம். அவர் அங்கே வந்து சேர்ந்ததே ஒரு தனிக்கதை. விமானத்தில்தான் கிளம்பினார். சாங்ஷா விமான நிலையத்தில் இறங்க வழியில்லை, எங்கும் ஐஸ். பக்கத்து மாகாணத்து வூஹானில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்து வந்தார். பிரதமர் என்பதால் அந்த ரயில் ஓடியது. மற்றவர்கள் கதை வேறு.

சீனப் புத்தாண்டு நிலாக் கணக்குப்படி வருவது. வசந்த விழா என்பார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 7. முந்தின நாள் ராத்திரி குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுதான் பண்டிகையின் உயிர். இதற்காக ஊருக்குப் போய்த் திரும்புகிற பயணத்துக்கு அங்கே தனியாக ஒரு பெயரே உண்டு. சுன்யுன். வசந்தப் போக்குவரத்து. பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்னால் தொடங்கி மொத்தம் நாற்பது நாள். 2008-ல் ரயிலில் மட்டும் சுமார் 18 கோடிப் பயணங்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

அப்படி என்ன அவசரம், ஒரு வருஷம் போகாவிட்டால்தான் என்ன என்று கேட்கலாம். அதற்கு ஹூகோவ் பற்றித் தெரிய வேண்டும்.

1958-ல் சட்டமான சமாசாரம் அது. குடும்பப் பதிவு. நம் ரேஷன் கார்டை நூறு மடங்கு இறுக்கிப் பாருங்கள், அதுதான். எந்த ஊரில் பதிவோ அந்த ஊரில்தான் பள்ளிக்கூடம், வைத்தியம், மற்ற சலுகை எல்லாம். எண்பதுகளில் தென்கோடி குவாங்டாங் மாகாணத்தில் தொழிற்சாலைகள் முளைத்தன. பொம்மை, செருப்பு, பனியன், டி.வி. பெட்டி என்று உலகத்துக்கே செய்து அனுப்பினார்கள். ஹூனான், சிச்சுவான் கிராமங்களிலிருந்து ஆட்கள் கோடிக்கணக்கில் வந்து குவிந்தார்கள். உழைப்பை வாங்கிக்கொண்ட நகரம், பதிவை மட்டும் மாற்றித் தரவில்லை. பிள்ளையை நகரத்துக்குக் கூட்டி வந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதே பெரும்பாடு. ஆகவே பிள்ளை கிராமத்தில், தாத்தா பாட்டியிடம். அப்பா அம்மா ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தையல் மெஷின் முன்னால்.

வருஷத்தில் ஒரே ஒரு நீண்ட லீவு. தொழிற்சாலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடும். பிள்ளை முகத்தைப் பார்க்கிற நாள் அதுதான். விட்டால் அடுத்த வருஷம்.

இப்போது டிக்கெட்டுக்கு வருவோம். அப்போது இணையத்தில் டிக்கெட் எடுக்கிற வசதி கிடையாது. ராத்திரி பகலாக கவுன்ட்டரில் நிற்க வேண்டும், அல்லது பிளாக்கில் வாங்க வேண்டும். பிளாக்கில் விற்பவனுக்கு அங்கே 'மஞ்சள் மாடு' என்று பெயர். ஏன் மாடு என்று என்னைக் கேட்காதீர்கள். இப்படி வாங்கிய டிக்கெட்டை உள்பாக்கெட்டில் பத்திரப்படுத்தி, பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர், கிழவிக்கு ஒரு கம்பளி, சேர்த்துவைத்த சம்பளம் எல்லாவற்றோடும் கிளம்பியவர்கள்தான் குவாங்சோ ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.

வந்தால், ரயில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், குவாங்சோவில் பனியே பெய்யவில்லை. அங்கே குளிர்ந்த மழைத் தூறல்தான். நிஜமான வில்லன் சில நூறு கிலோமீட்டர் வடக்கே, நான்லிங் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சென்ஜோ என்கிற ஊரில் இருந்தான்.

லா நினா வருஷம் அது. ஜனவரி 10-லிருந்து அலை அலையாக வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. வடசீனாவுக்கு இதெல்லாம் ஜுஜுபி. தெற்கே அப்படியில்லை. அங்கே வீடுகளுக்குச் சூடேற்றும் ஏற்பாடுகூட அரசாங்கம் செய்து தருவதில்லை, அது வடக்கத்திக்காரர்களுக்கு மட்டும் என்று ஐம்பதுகளிலேயே கோடு கிழித்துவிட்டார்கள். இந்தக் கனமான குளிர்காற்று நான்லிங் மலையைத் தாண்ட முடியாமல் அடிவாரத்தில் தேங்கி நின்றது. அதன் தலைக்கு மேலே கடலிலிருந்து ஈரமான, சற்றே சூடான காற்று. மேலேயிருந்து விழுந்த பனி, நடுவில் உருகி மழையானது. கீழே உறைகுளிரில் நுழைந்தபோது மறுபடி உறைய நேரமில்லை. நீராகவே விழுந்து, எதைத் தொட்டதோ அதன்மேல் நொடியில் ஐஸாகப் படிந்தது. மரக்கிளை, மின்கம்பி, டவர், ரயிலின் தலைக்கு மேல் ஓடும் கம்பி, எதுவும் பாக்கியில்லை.

சாதாரணப் பனியை உதறிவிடலாம். இது உதறினால் போகாது. நாள்கணக்கில் படிந்து படிந்து கம்பியெல்லாம் கட்டை மாதிரி பருத்தது. அந்தப் பிரதேசத்து மின் டவர்களை வடிவமைத்தவர்கள், இந்த எடையில் ஒரு சின்னப் பங்கைத்தான் நினைத்துப் பார்த்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் டவர்கள் மடிந்து விழுந்தன. ஜனவரி 26 அன்று சாங்ஷா அருகே டவர்மீது ஏறி ஐஸைத் தட்டிக்கொண்டிருந்த மூன்று மின் ஊழியர்கள், டவர் சாய்ந்ததில் இறந்துபோனார்கள். சென்ஜோ வட்டாரத்தில் நாற்பது லட்சத்துக்கும் அதிகமான ஜனம். கிட்டத்தட்ட இரண்டு வாரம் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் குழாயில் தண்ணீரும் இல்லை. மெழுகுவர்த்தி விலை எங்கோ போய்விட்டது.

பீஜிங்கையும் குவாங்சோவையும் இணைக்கும் ரயில் பாதை 2,200 கிலோமீட்டருக்கும் அதிகம். 2001-ல்தான் முழுக்க மின்மயமாக்கி முடித்துப் பெருமைப்பட்டிருந்தார்கள். ஹூனானில் மின்சாரம் போனதும் ரயில்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்கள். இருட்டு, குளிர். சாப்பாட்டுப் பெட்டியில் சரக்கு தீர்ந்துபோயிற்று. பக்கத்திலேயே போகும் நெடுஞ்சாலையிலும் ஐஸ் என்பதால் லாரிகளும் பஸ்களும் மைல்கணக்கில் நின்றன. வடக்கேயும் போக முடியாது, தெற்கேயும் வர முடியாது.

பழைய டீசல் எஞ்சின்களைத் தேடிப் பிடித்து அனுப்புங்கள் என்று ரயில்வே அமைச்சகம் உத்தரவு போட்டது. ஓரம்கட்டப்பட்ட டீசல்தான் கடைசியில் கைகொடுத்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் காமர்ஸ் படித்தவன். கல்லூரியில் எனக்குப் பிடிக்காத பாடம், சரக்குக் கையிருப்புக் கணக்கு. எவ்வளவு குறைவாக ஸ்டாக் வைக்கிறாயோ அவ்வளவு லாபம், ஆனால் ஆபத்துக்கென்று கொஞ்சம் எப்போதும் ஒதுக்கி வை என்பார் புரொஃபசர். அந்த இரண்டாவது வரியை 2008 சீனா மறந்திருந்தது.

அன்றைக்குச் சீனாவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. நிலக்கரி பெரும்பாலும் வடக்கே, ஷாங்ஸி பக்கம். தொழிற்சாலை தெற்கே. கரி ரயிலில் வர வேண்டும். நிலக்கரி விலையைச் சந்தைக்குத் திறந்துவிட்டார்கள், அது ஏறிக்கொண்டே போனது. மின்சார விலை மட்டும் அரசாங்கத்தின் பிடியில். விலைவாசி எகிறிய நேரம் என்பதால் அந்த ஜனவரியில் அதை ஏற்றவும் விடவில்லை. அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்க எந்த மின்நிலையத்துக்கு மனசு வரும்? கையிருப்பைச் சுருக்கினார்கள். புயல் வந்தபோது பல மின்நிலையங்களில் மூன்று நாளைக்குக்கூடக் கரி இல்லை.

சிக்கலைப் பாருங்கள். மின்சாரம் இல்லாததால் ரயில் ஓடவில்லை. ரயில் ஓடாததால் கரி வரவில்லை. கரி வராததால் மின்சாரம் இல்லை. பதினேழு மாகாணங்களில் மின்வெட்டு. இருக்கிற பாதையிலோ கரிக்கும் ஆட்களுக்கும் போட்டி. கரி ரயிலை விட்டால் மனிதர்கள் நிற்க வேண்டும், மனிதர்களை ஏற்றினால் ஊரே இருட்டில் மூழ்கும். ஜனவரி 31 அன்று அதிபர் ஹூ ஜின்டாவ் ஷாங்ஸியில் தாடோங் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். சுரங்கத் தொழிலாளிகளிடம் அவர் வைத்த வேண்டுகோள், இன்னும் கரி வெட்டிக் கொடுங்கள் என்பது. யாரோ ஊருக்குப் போவதற்காக அவர்கள் பண்டிகை நாளிலும் வேலை செய்தார்கள்.

குவாங்சோவுக்குத் திரும்புவோம். ஸ்டேஷன் வாசலில் கூட்டம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மழையில் குடையும் பிளாஸ்டிக் ஷீட்டுமாக. புதிதாக டிக்கெட் விற்பதை நிறுத்தினார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், தயவுசெய்து இங்கேயே புத்தாண்டைக் கொண்டாடுங்கள் என்று கெஞ்சினார்கள். தங்குவதற்குக் கண்காட்சி அரங்குகளைத் திறந்துவிட்டார்கள். போனவர்கள் போனார்கள். மிச்சப்பேர் நகரவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடும். அதே நேரம் ரயில் வந்துவிட்டால்? பாத்ரூம் போகக்கூட யோசித்த கூட்டம் அது.

போலீசும் ராணுவமும் கை கோத்து மனிதச் சங்கிலி அமைத்து நின்றார்கள். மயங்கி விழுந்தவர்களைத் தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றி வெளியே அனுப்பினார்கள். ஜனவரி 30 அன்று வென் ஜியாபாவ் இங்கேயும் வந்தார். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1 ராத்திரி, ரயில்கள் மெல்ல ஓடத் தொடங்கியிருந்த நேரத்தில், நெரிசலில் ஒரு இளம்பெண் மிதிபட்டு இறந்துபோனாள். ஊருக்குப் போக வந்த இன்னொரு தொழிலாளி.

லிக்ஸின் ஃபேன் என்கிற சீன-கனடிய இயக்குநர், அந்த நேரத்தில் அங்கேதான் கேமராவோடு இருந்தார். சிச்சுவான் கிராமத்திலிருந்து வந்து குவாங்சோவில் தைக்கிற ஒரு தம்பதியைச் சில வருஷமாகத் தொடர்ந்து படம்பிடித்துக்கொண்டிருந்தார். 2009-ல் 'லாஸ்ட் டிரெயின் ஹோம்' என்று அது ஆவணப்படமாக வந்தது. இந்த ஸ்டேஷன் காட்சிகள் அதில் உண்டு. பார்த்துவிட்டு எனக்கு அன்றிரவு தூக்கம் போச்சு. நெரிசலைவிட அதிகம் உறுத்தியது, அவர்கள் ஒருவழியாக வீடு போய்ச் சேர்ந்தபிறகு வருகிற காட்சிகள். பெற்றவர்களிடம் பிள்ளைகளுக்குப் பேச ஒன்றுமே இல்லை.

புத்தாண்டுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் ஸ்டேஷன் காலியானது. டீசல் எஞ்சின், கரி, ஏணி போட்டு ஐஸ் தட்டிய கைகள் எல்லாம் சேர்ந்து பெரும்பாலானோரை அனுப்பிவைத்தன. லட்சக்கணக்கானவர்கள் குவாங்டாங்கிலேயே தங்கிவிட்டார்கள். கணக்குப் பார்த்தபோது அந்தக் குளிர்காலத்தில் சீனா முழுக்க இறந்தவர்கள் 129 பேர். சரிந்துபோன வீடுகள் 4 லட்சத்து 85 ஆயிரம். நேரடி நஷ்டம் 15,000 கோடி யுவானுக்கும் மேல்.

பிற்பாடு பாடம் படித்தார்கள், மறுக்க முடியாது. மின்கம்பியில் நேர்மின்சாரத்தைப் பாய்ச்சிச் சூடாக்கி ஐஸை உருக்கும் கருவிகளைச் செய்து பொருத்தினார்கள். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த வூஹான்-குவாங்சோ அதிவேகப் பாதை 2009 டிசம்பர் 26-ல் திறந்தது. 968 கிலோமீட்டர், சுமார் மூன்று மணி நேரம். டிக்கெட் இணையத்துக்குப் போனது. 2012-லிருந்து எல்லா ரயிலுக்கும் பெயர் போட்ட டிக்கெட், மஞ்சள் மாட்டுக்குக் கஷ்டகாலம். 2024 பிப்ரவரியில், மறுபடி புத்தாண்டுக்குச் சில நாள் முன்னால், மறுபடி ஹூபே, ஹூனானில் ஐஸ் மழை. அதிவேக ரயில்களும் நடுவழியில் நின்றன. குளிர்காற்று அதே மலையடிவாரத்துக்குத்தானே வரும்.

ஆனால் 2008 அதோடு முடியவில்லை. மே மாதம் சிச்சுவான் பூகம்பம். ஆகஸ்டில் பீஜிங் ஒலிம்பிக்ஸ். பனியை எல்லோரும் மறந்துபோனார்கள். செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அமெரிக்கர்கள் பொம்மையும் செருப்பும் வாங்குவதைக் குறைத்தார்கள். குவாங்டாங்கில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தன. 13 கோடித் தொழிலாளிகளில் 2 கோடிப் பேருக்கு வேலை போயிற்று என்று 2009 பிப்ரவரியில் அரசாங்கமே சொன்னது.

அந்த இலையுதிர் காலத்தில், பண்டிகைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே, குவாங்சோ ஸ்டேஷனில் மறுபடியும் கூட்டம். அதே மூட்டைகள், அதே ஊர்கள். இந்தத் தடவை பனி இல்லை. ரயில்களும் ஓடின.