கண்டி வீதிகளின் நிழல்

வழிநடப்பவனுக்கு வேண்டுவன மூன்று: நிழல், நீர், சற்றே அமர்ந்து இளைப்பாற ஓர் இடம். அரசனாயினும் ஆண்டியாயினும், உச்சி வெயிலில் இரண்டு நாழிகை நடந்தவன் இம்மூன்றையுமே நாடுவான். ஒரு நகரம் தன் மாளிகைகளுக்குச் செய்த செலவைக் கொண்டு அதன் செல்வத்தை அளக்கலாம். தன் தெருவோரத்திற்குச் செய்த செலவைக் கொண்டே அதன் உள்ளத்தை அளக்க முடியும். இந்த அளவுகோலை ஏந்தி மலைநாட்டின் தலைநகராம் கண்டியின் வரலாற்றை நோக்கினால், புகழுக்குரியனவும் வருத்தத்திற்குரியனவும் ஒருங்கே புலப்படும்.

தெருவோர அறம் கீழைத்தேயத்திற்குப் புதியதன்று. அசோக மன்னர் தாம் வழியெங்கும் ஆலமரங்கள் நட்டதையும் கிணறுகள் அகழ்ந்ததையும் தூணில் எழுதிவைத்தார். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், மாடுகள் உரஞ்சித் தினவு தீர்க்க ஆவுரஞ்சிக்கல்லும் நிறுவப்பட்டன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைப்பது தமிழர் வழக்கம். பருத்தித்துறையில் தெருவையே கூரையாற் போர்த்த தெருமூடிமடம் இன்றும் காணத்தக்கது. கண்டி இராச்சியத்துச் சிங்கள மக்களும் இவ்வறத்திற் குறைந்தவரல்லர். அவர்கள் வழியோரங்களில் எழுப்பிய தங்குமடத்தின் பெயர் ‘அம்பலம’. பொதுமன்றம் எனப் பொருள்படும் ‘அம்பலம்’ என்னும் தமிழ்ச் சொல்லோடு அப்பெயருக்குள்ள உறவு, இரு மொழி மக்களும் ஒரே வழியில் நடந்தவர்கள் என்பதை நினைவூட்டுகின்றது. கடுகண்ணாவையில் நெடுஞ்சாலையோரம் அத்தகைய அம்பலமொன்று இன்றும் நிற்கின்றது.

இனிக் கண்டி நகருக்குள் வருவோம். நகரின் நடுவே விளங்கும் வாவியை 1807ஆம் ஆண்டளவில் அமைத்தவர் கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கர். தென்னாட்டு நாயக்கர் வழிவந்த அம்மன்னர், வயல்நிலமாய் இருந்த இடத்தை அணைகட்டி நீர்நிலையாக்கினார். கரையோரத்தில் முகிலின் விளிம்பு போல் வளைந்து வளைந்து செல்லும் மதிலொன்றும் எழுந்தது. அம்மதிலிற் சிறு மாடங்கள் விடப்பட்டன. விழா இரவுகளில் அவற்றிலெல்லாம் அகல்விளக்கு ஏற்றினால், நீரில் ஒளி இரட்டிப்பாகும். இதனைச் சமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்பர். வீதிவிளக்கும் மதிலும் நீர்க்கரையும் ஒரே எண்ணத்திற் பிறந்த அரிய வேலை அது. ஆயினும், கட்டாய ஊழியத்தினால் நடந்த அவ்வேலைக்கு மக்களின் மனம் இசையவில்லை. 1815இல் மன்னர் சிறைப்பட்டார். பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தார். மதில் வாவியை முற்றும் சுற்றி முடியாமல், இன்றளவும் குறையாகவே நிற்கின்றது. ஆணையினால் தொடங்கிய அழகு, ஆணையிட்டவரோடு நின்றுபோயிற்று.

அடுத்து வந்த ஆங்கிலேயர் முதலில் கருதியது சாலை. தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி நெடுஞ்சாலை அமைந்தது. 1821இல் பேராதனையில் தாவரவியற் பூங்கா தொடங்கப்பெற்றது. நகருக்கு மேலேயுள்ள உடவத்தகெலேக் காட்டில் தேசாதிபதிகளின் துணைவியர் பெயரால் நடைவழிகள் திறக்கப்பட்டன. அக்காடு 1856இல் ஒதுக்குக் காடாக்கப்பட்டதனாலேயே இன்றும் நகரின் தலைமேல் பசுமைக் குடையாய் விளங்குகின்றது. 1865இல் மாநகர சபைச் சட்டம் பிறந்தபோது, கொழும்போடு அவ்வுரிமையைப் பெற்றது கண்டி நகரமே.

ஆனால், அதே காலத்தில் கண்டியை நோக்கி வேறொரு வழியிலும் மக்கள் நடந்துகொண்டிருந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத்துத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடே தம்புள்ளை, மாத்தளை வழியாக மலைநாட்டை அடைந்தனர். அந்நெடு வழியில் நிழல் உண்டு. ஆனால் அது காய்ச்சல் பரப்பும் காட்டின் நிழல். நீர் உண்டு, அதுவோ வாந்திபேதியைக் கொணர்ந்த நீர். தங்குமிடமோ அரிது. பிற்காலத்திற் கிணறுகளும் கொட்டகைகளும் மருத்துவ நிலையங்களும் அவ்வழியில் எழுந்தன. அவை எழுமுன்னரே அவ்வழியில் மாண்டு புதையுண்டவர் பல்லாயிரவர்.

இந்த நினைவோடு கண்டி நகரின் நடுவிலுள்ள நீரூற்றைப் பார்க்க வேண்டும். 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வருகைதந்ததன் நினைவாகக் கோப்பித் தோட்டத் துரைமார் நிறுவியது அது. வார்ப்பிரும்பில் அமைந்த வேலைப்பாடு கண்ணுக்கு இனியது, அதனைப் பழிப்பதற்கில்லை. எனினும், ஓர் இளவரசருக்காக நகர நடுவில் நீர் பீறிட்டது. தோட்டங்களை உண்டாக்கிய கைகளோ ஒரு சுமைதாங்கியேனும் இல்லாத வழியில் நடந்து வந்தன. வரலாறு இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குகின்றது. 1869இல் இலைநோய் தோன்றிச் சில ஆண்டுகளிற் கோப்பிப் பயிர் அழிந்தது. நீரூற்று மட்டும் எஞ்சியது.

கண்டியில் நிழல் தரும் மரங்களுள் முதன்மையானது தூங்குமூஞ்சி மரம். மழைமரம் என்றும் அதனைக் கூறுவர். சிங்களத்தில் அதன் பெயர் ‘மாரா’. அது இம்மண்ணின் மரமன்று. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குக் கொணரப்பட்டது. மாலையிலும் மழைவேளையிலும் இலைகளைக் கூப்பிக்கொள்வதால் இப்பெயர் பெற்றது. இதன் குடை ஒரு தெருவின் இரு ஓரத்தையும் ஒருசேர மூடவல்லது. ஆனால், அத்தனை பெரிய குடையைத் தாங்கும் வேர்களோ ஆழமாய் இறங்காமற் பக்கங்களிற் பரவுபவை. நடைபாதைக்குச் சீமெந்து இடும்போதும், நீர்க்குழாய்க்கு மண் தோண்டும்போதும் வேர் அறுபடுகின்றது. மின்கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளை வெட்டப்படுகின்றது. ஒரு பக்கம் கனத்து, மறு பக்கம் வேரற்ற மரம் ஒரு பருவமழையிற் சாயும்போது, “மரம் ஆபத்தானது” என்னும் தீர்ப்பு எளிதில் எழுகின்றது. மரத்தை ஆபத்தாக்கிய கை எது என்று வினவுவார் இலர். சாலை ஒருவர் பொறுப்பு, கம்பி மற்றொருவர் பொறுப்பு, குழாய் மூன்றாமவர் பொறுப்பு. மரம் மட்டும் எவருடைய பொறுப்பும் ஆகாமல் நிற்கின்றது.

நம் சட்டநூலில் மரத்திற்கு இடமில்லை என்று கூறிவிட முடியாது. மரம் தறித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று 1951இல் இயற்றப்பட்டது. பலா, ஈரப்பலா போன்ற உணவளிக்கும் மரங்களை அனுமதியின்றி வெட்டலாகாதென்பது அதன் பயன். சோறு தரும் மரத்தைக் காத்த அந்நெறி போற்றத்தக்கது. ஆயினும், வெட்டாதே என்பது பாதி நெறியே. எவ்விடத்தில், எம்மரத்தை, எவ்வளவு மண்விட்டு நடுவது, நட்டபின் யார் காப்பது என்பன மறு பாதி. தெருவோர மரத்திற்குப் பெரிதும் வேண்டுவது இம்மறு பாதியாகும்.

அந்நெறியின் மாதிரியைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நகரிலிருந்து சில கல் தொலைவில், மகாவலிக் கரையில், பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. சேர் பற்றிக் அபர்குறொம்பி என்னும் நகரமைப்பு அறிஞர் அதன் திட்டத்தில் ஈடுபட்டார். கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் அதற்கு வடிவம் தந்தார். துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் 1952இல் பல்கலைக்கழகத்தைப் பேராதனைக்குக் கொணர்ந்தார். அங்கே கட்டடம் முடிந்தபின் மீதி இடத்தில் மரம் நடப்படவில்லை. குன்றும் ஆறும் வழியும் மரமும் மண்டபமும் ஒரே திட்டத்தின் உறுப்புகளாய் எண்ணப்பட்டன. அதே டி அல்விஸ் வரைந்ததே கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரமும். விபத்தில் மகனை இழந்த தந்தை ஒருவர் அவன் நினைவாக 1950இல் நகருக்கு அளித்த கொடை அது. தன் துயரைப் பிறர்க்குப் பயனாக மாற்றும் பழைய சுமைதாங்கியின் அறம், புதிய காலத்தில் மணிகாட்டும் கோபுரமாய் உருக்கொண்டது.

தனிமனிதர் கொடையை நகரின் நெறியாக மாற்றிக்காட்டியது சிங்கப்பூர். அங்கேயும் சாலையை மூடி நிற்பது அதே தூங்குமூஞ்சி மரம். 1967இல் பிரதமர் லீ குவான் யூ தம் நகரைச் சோலைநகராக்கும் நோக்கத்தை வெளியிட்டார். 1975இற் பூங்காக்களுக்கும் மரங்களுக்கும் எனத் தனிச்சட்டம் பிறந்தது. சாலையை வரையும்போதே மரத்திற்கென மண்பட்டை ஒதுக்குவது அங்கே வழக்கமாயிற்று. மரம் ஒன்றே, அதற்கு விடப்பட்ட மண்ணிலேதான் வேறுபாடு.

கண்டி சிங்கப்பூர் அன்று. அதனைப் பார்த்து அப்படியே செய்யவும் இயலாது. மலைகளுக்கிடையே ஒடுங்கிய இந்நகரில், வீதியின் நடுவே அகன்ற பூத்திட்டு அமைக்க இடம் அரிது. எசல விழாவில் யானைகளும் தீவட்டிகளும் செல்லும் பெரஹர வீதியிற் கிளையின் உயரமும் கம்பத்தின் இடமும் அந்த ஊர்வலத்திற்கேற்ப அமைய வேண்டும். 1988 முதல் உலக மரபுரிமை நகராகவும் விளங்குவதால், இங்கே வைக்கப்படும் இருக்கையும் விளக்கும் பழைய வீதியின் இயல்புக்கு மாறுபடலாகாது. வாவிக்கரை மரங்களில் அடையும் நீர்க்காகங்களையும் கொக்குகளையும் கருதினால், இருக்கையை எம்மரத்தடியில் இடுவது என்பதற்கே ஓர் ஆராய்ச்சி வேண்டும். ஆகவே கண்டிக்கு வேண்டுவது கண்டியின் நெறி. மரத்தின் அடியைச் சுற்றிச் சீமெந்து படாத மண். குறுகிய தெருவிற்குச் சிறிய மரம், அகன்ற கரைக்குப் பெரிய மரம். நடைபாதையை அடைக்காத கம்பம். நிழலில் அமைந்த இருக்கை. ஒவ்வொரு மரத்திற்கும் வயதும் நலமும் குறித்த ஏடு. ஒன்று சாயுமுன் அதன் அருகே வளரும் மற்றொன்று. இவற்றை எழுத்திற் பொறித்து, சாலைக்காரரும் கம்பிக்காரரும் குழாய்க்காரரும் ஒருங்கே கட்டுப்படச் செய்தால், அதுவே நெறியாகும்.

மன்னர் ஆணையிட்டார், துரைமார் இளவரசரை நினைந்தனர், ஒரு தந்தை மகனை நினைந்தார். பெயரறியாத வழிப்போக்கனை நினைந்து செய்வதே எஞ்சியுள்ளது. இன்று நடும் கன்றின் முழு நிழலில் நட்டவர் அமரப்போவதில்லை. அமரப்போகும் பிள்ளைகளுக்காக அதனைக் காக்கும் பொறுப்பை எந்நகரம் சட்டமாக்கி ஏற்கின்றதோ, அந்நகரத்து வீதியில் நடப்பவனுக்கு நிழலும் நீரும் இருக்கையும் என்றும் குறைவதில்லை.