கறுப்புக் கட்டம்

மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபொலிஸ்' என்ற சித்திர சுயசரிதையில் ஒரு கட்டம் முழுக்கக் கறுப்பு. டெஹ்ரானில் ஏவுகணை விழுந்து பக்கத்து வீடு தரைமட்டமாகிவிட்டது. இடிபாடுகளுக்கிடையே தோழியின் கைவளையைக் கண்ட சிறுமி முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். அடுத்த கட்டத்தில் உருவம் எதுவுமில்லை, மைதான்.

1979-இல் ஈரானியப் புரட்சி நடந்தபோது சத்ரபிக்குப் பத்து வயது நிரம்பவில்லை. அவருடைய தந்தையின் சகோதரர் அனூஷ் கம்யூனிஸ்ட். ஷாவின் சிறையிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்த புரட்சியே பிறகு அவரைக் கொன்றும் போட்டது. இதையெல்லாம் சத்ரபி பாரிஸிலிருந்து, 2000 முதல் 2003 வரை, நான்கு பாகங்களாக வெளியிட்டார். இடையில் இருபது வருஷம். அந்த இடைவெளிதான் அவருக்குக் கறுப்புக் கட்டத்தைக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன நடந்தது என்று வாசகனுக்கு ஏற்கனவே ஓரளவு தெரியும். ஆகவே அவர் மௌனமாக இருந்துவிட முடிகிறது.

கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' நாவலுக்கு இந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு பாக் நீரிணையைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தவர்கள் இரண்டு விதம். ஒன்று, இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பெயர் கொடுத்துப் பதிந்துகொண்ட குடும்பங்கள். (மண்டபம் முகாமுக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்துச் சோதித்த இடம் அது.) இன்னொன்று, பயிற்சிக்காக வந்த இளைஞர்கள். இவர்களில் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாடு பக்கத்து முகாம்களுக்குப் போனார்கள். அங்கே கேள்வி கேட்டவர்கள் உளவாளிகளாக்கப்பட்டார்கள், சித்திரவதை செய்யப்பட்டார்கள், சொந்தத் தோழர்களாலேயே கொல்லப்பட்டார்கள். இதனால் மூன்றாவது விதம் ஒன்று உண்டாயிற்று: இயக்கத்திடமிருந்தே தப்பி ஒளிந்தவர்கள். இவர்களை எந்த முகாம் பதிவேட்டிலும் அந்தக் காரணத்துக்காக யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

கோவிந்தன் இந்த மூன்றாவது விதம். 1985-இல் கழகத்திலிருந்து பிரிந்த 'தீப்பொறி' குழுவினர் தமிழகத்தில் தலைமறைவாக இருந்தார்கள். அதே வருஷம் நாவல் வெளிவந்தது. ஆர்தர் கோஸ்லர்கூடக் கட்சியை விட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான், 1940-இல், 'டார்க்னஸ் அட் நூன்' நாவலை வெளியிட்டார். இங்கே இடைவெளி சில மாதங்கள். எழுதியவரைத் தேடிக்கொண்டிருந்தவர்களும் இதே தமிழகத்தில் இருந்தார்கள்.

இந்த நாவலில் பேச்சு அதிகம், விவாதம் அதிகம், கலை குறைவு என்று நண்பர்களிடம் பல தடவை சொன்னவன் நான். இன்று அந்த அபிப்பிராயத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. பேச்சு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1985-இல் இங்கே இயக்கத்துப் பையன்கள் என்றால் வீட்டில் சோறு போட்டார்கள். முகாமுக்குள் நடந்ததை அறிந்த வாசகன் இல்லை. நம்பத் தயாராக இருந்தவனும் குறைவு. ஒரு கட்டத்தைக் கறுப்பாக விட்டிருந்தால் அது வெற்றிடமாகத்தான் இருந்திருக்கும். எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தத்தைக் கலைக்குறைவு என்று பெயரிட்டது என் விமர்சனத்தின் சோம்பேறித்தனம்.

பின்னால் வந்தவர்களுக்குக் காலம் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. புலிகள் இயக்கத்தில் இருந்த ஷோபாசக்தி 2001-இல் 'கொரில்லா'வை, பிரெஞ்சு அரசுக்கு எழுதிய அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறார். வரிசை எண் போட்ட வாக்கியங்களில் அங்கதம் சாத்தியமாகிறது. அந்தப் பக்கங்களைப் படித்த மறுநாள், என் கௌண்டரில் முகாமைச் சேர்ந்த ஒரு பெரியவர், படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "ஊர் பேர எழுதவா தம்பி, முகாம் பேர எழுதவா?" என்று கேட்டார். நான் முகாம் என்றேன். விதி அதுதான்.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016-இல், அவர் இறந்த பிறகு வந்தது. அதற்குள் இயக்கமே இல்லை.

கோவிந்தன் நாடு திரும்பினார். 1991-இல் புலிகள் பிடித்துச் சென்றார்கள், திரும்பி வரவில்லை. கோவிந்தன் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல.