தவணைக்கு வந்த வாத்தியார்

வெளிநாட்டில இங்கிலிஷ் படிப்பிக்கப் போகலாம் எண்டு எங்களில் கனபேர் யோசிக்கிறம். லஃப்காடியோ ஹேர்னின் கதையை ஒருக்காப் பார்ப்பம்.

பத்திரிகையாளரான அவர் 1890இல் யப்பானுக்குப் போனார். அங்கிருந்த பேராசிரியர் சேம்பர்லெயினின் உதவியால் மட்சுவே நகரப் பாடசாலையில் வேலை கிடைத்தது. 1896இல் யப்பானியப் பிரஜையானார். அதே ஆண்டு ரோக்கியோவின் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். ஆனால் 1903இல், மாணவர்கள் எதிர்த்தும், வேலை போனது. அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நட்சுமே சோசெகி: அரசாங்கமே இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிப்பித்த யப்பானியர். 1904இல் வசேடா என்ற தனியார் பல்கலைக்கழகம் ஹேர்னைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டே இறந்துபோனார்.

யப்பானில் பிழை சொல்ல ஏலாது. தங்கட ஆக்கள் படிச்சு வரும்வரைக்கும்தான் அவர்களுக்கு வெளி வாத்தியார் தேவைப்பட்டார். பிரஜாவுரிமை எடுத்தும் ஹேர்னுக்கு அந்தக் கணக்கு மாறவில்லை. ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பார்க்கேக்க, முடிவுத் திகதியையும் பார்ப்பம்.