விழுந்தவரை நம்பலாமா? மரக்கானா, 1989

கால்பந்து பார்க்கிற எல்லாருக்கும் இந்தக் காட்சி பழக்கம். லேசா ஒரு உரசல். வீரர் மூணு உருண்டு உருண்டு, காலைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துவார். ரெஃப்ரி கார்டை எடுத்ததும் எழுந்து ஓடுவார். நாம சிரிச்சுட்டு, மீம் போட்டுட்டுப் போயிடுவோம். இன்னைக்கு அந்த நடிப்போட உச்சத்தைப் பற்றிப் பேசலாம். ஒரு கேள்வியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: ஒருத்தர் நடிச்சு விழுந்தா, அதுக்கான விலையை யார் கொடுக்கிறாங்க?

1989, செப்டம்பர் 3. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கூட்டம். 1990 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றுல பிரேசிலும் சிலியும் மோதுற கடைசி ஆட்டம். ரெண்டு அணிக்கும் சம புள்ளிகள், ஆனா கோல் வித்தியாசத்துல பிரேசில் முன்னாடி. அதனால பிரேசிலுக்கு டிரா போதும், சிலிக்கு ஜெயிச்சே ஆகணும். இன்னொரு பக்கம், அதுவரை நடந்த எல்லா உலகக் கோப்பையிலும் ஆடின ஒரே நாடு பிரேசில். அந்தப் பெருமையும் அன்னைக்குப் பணயத்துல இருந்தது.

ஏற்கெனவே ரெண்டு நாட்டுக்கும் நடுவுல சூடு அதிகம். ஆகஸ்ட்ல சான்டியாகோவுல நடந்த முதல் ஆட்டம் 1-1னு முடிஞ்சது, அதுல ரொமாரியோ ரெட் கார்டு வாங்கினார். அங்க ரசிகர்கள் செய்த ரகளைக்குத் தண்டனையா, சிலி தன்னோட அடுத்த சொந்த ஊர் ஆட்டத்தை அர்ஜென்டினாவுல போய் ஆட வேண்டியதாப் போச்சு.

மரக்கானாவுல இடைவேளை முடிஞ்சு கொஞ்ச நேரத்துலயே கரேக்கா கோல் போட்டார். 1-0. எழுபதாவது நிமிஷம் நெருங்குது. சிலிக்குக் கதவு மூடிக்கிட்டே வருது. அப்போ கேலரியில இருந்து ஒரு இளம்பெண் வீசின ஃப்ளேர், சிலி கோல்கீப்பர் ராபர்ட்டோ ரோஹாஸ் பக்கத்துல வந்து விழுந்தது. புகை. ரோஹாஸ் தரையில உருளுறார். முகமெல்லாம் ரத்தம். சிலி வீரர்கள் ஓடி வந்து அவரைத் தூக்கிக்கிட்டு வெளியே போனாங்க. பாதுகாப்பு இல்லை, இனி ஆட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஆட்டம் அதோட நின்னுபோச்சு.

அந்த ராத்திரி பிரேசிலுக்கு நிஜமாவே ஆபத்து இருந்தது. ரசிகர் வீசின பொருளால எதிரணி வீரர் மண்டை உடைஞ்சதுன்னா, பிரேசில் மேல கடுமையான நடவடிக்கை வரலாம். சிலியில மக்கள் கொதிச்சுப்போயிருந்தாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. தங்களோட கேப்டன் முகத்துல ரத்தத்தை அவங்க கண்ணால பார்த்தாங்களே!

ஆனா டிவி கேமராவுல எதுலயும் ஃப்ளேர் விழுந்த அந்த நொடி சரியா பதிவாகலை. ரிக்கார்டோ அல்ஃபியரிங்கிற அர்ஜென்டினா புகைப்படக்காரர்கிட்ட மட்டும் அது இருந்தது. படத்தைக் கழுவிப் பார்த்தா, ஃப்ளேர் ரோஹாஸைத் தொடவே இல்லை. சுமார் ஒரு மீட்டர் தள்ளி விழுந்திருக்கு. அப்போ ரத்தம் எங்கேயிருந்து வந்தது? ரோஹாஸ் தன்னோட கையுறைக்குள்ள ஒரு பிளேடை ஒளிச்சு வெச்சிருந்தார். புகைக்குள்ள விழுந்து, அதால தன்னைத்தானே கீறிக்கிட்டார். 1990ல அவரே இதை ஒரு சிலிப் பத்திரிகைகிட்ட ஒப்புக்கொண்டார்.

பிளேடு ஏற்கெனவே கையுறையில இருந்ததுதான் இதுல முக்கியம். பெனால்டி ஏரியாவுல தடுமாறும்போது ஒரு நொடி ஆசையில விழுறது வேற. இது வீட்டுல இருந்தே கிளம்பி வந்த பொய்.

ஃபிஃபா ஆட்டத்தை பிரேசிலுக்கு 2-0னு கொடுத்தது. ரோஹாஸுக்கு வாழ்நாள் தடை. பயிற்சியாளர் ஒர்லாண்டோ அரவேனா, அணி டாக்டர், இன்னொரு வீரர்னு தடை நீண்டது. டாக்டர் பேர் அந்தப் பட்டியல்ல இருக்கிறதைக் கவனிங்க. காயம் உண்மையா பொய்யான்னு சொல்ல வேண்டிய ஆளே அவர்தான்! எல்லாத்துக்கும் மேல, சிலி நாடே 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுல இருந்து விலக்கப்பட்டது.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். ரோஹாஸ் மேல இருந்த தடையை 2001ல ஃபிஃபா நீக்கிடுச்சு. அப்போ அவருக்கு நாற்பது வயசைத் தாண்டியிருந்தது, ஆடுற காலம் முடிஞ்சுபோச்சு. அவர் செஞ்சதுக்கு அவர் அனுபவிச்சார். ஆனா இவான் ஸமோரானோ என்ன செஞ்சார்? 1994ல அவருக்கு 27 வயசு, ரியல் மாட்ரிட் ஸ்ட்ரைக்கர். அடுத்த சீசன்ல ஸ்பெயின் லீக்லயே அதிக கோல் அடிச்சவர். தன்னோட உச்சத்துல இருந்த அந்த மனுஷன் உலகக் கோப்பைக்கு முயற்சி செய்யக்கூட வாய்ப்பில்லாம உட்கார்ந்திருந்தார். சிலி திரும்ப உலகக் கோப்பைக்கு வந்தது 1998ல. ஒருத்தரோட கீறலுக்கு ஒரு தலைமுறையே வட்டி கட்டினது.

எல்லா நடிப்புக்கும் இப்படித் தண்டனை கிடைக்கிறதில்லை. 2002 உலகக் கோப்பை, தென்கொரியாவின் உல்சான் நகரம். பிரேசில்-துருக்கி ஆட்டத்தோட கடைசி நிமிஷங்கள். கார்னர் பக்கத்துல துருக்கி வீரர் ஹக்கான் உன்சால் உதைச்ச பந்து ரிவால்டோவோட தொடையில பட்டது. ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கிட்டு விழுந்தார். உன்சாலுக்கு ரெட் கார்டு. ரிவால்டோவுக்கு 11,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம், அவ்வளவுதான். ஒரு ஆட்டத்துக்குக்கூடத் தடை இல்லை. அந்தக் கோப்பையையும் பிரேசிலே ஜெயிச்சது. பொய் லாபமா நஷ்டமான்னு கணக்குப் போடுற இளம் வீரருக்கு இது என்ன பாடம் சொல்லும்?

இதுக்கு நேர் எதிர்ல ஒரு பழக்கம் இருக்கு. யாராவது அடிபட்டு விழுந்தா, எதிரணியே பந்தை வெளியே அடிச்சுடும். அப்படி அடிச்சே ஆகணும்னு விதி எதுவும் இல்லை. பலத்த காயம்னா ஆட்டத்தை நிறுத்துறது ரெஃப்ரியோட வேலை. வீரர்கள் செய்றது வெறும் மரியாதை. 1999 எஃப்.ஏ. கோப்பையில ஷெஃபீல்டு யுனைடெட், அடிபட்ட தன்னோட வீரருக்காக வெளியே அடிச்ச பந்தைத் திருப்பிக் கொடுக்காம, ஆர்சனல் கோல் போட்டுடுச்சு. விதிப்படி கோல் செல்லும். ஆனா ஆர்சனல் மேனேஜர் ஆர்சன் வெங்கர், ஆட்டத்தை மறுபடியும் ஆடலாம்னு தானே முன்வந்தார். ஆடினாங்க.

2000 டிசம்பர்ல எவர்டன் கோல்கீப்பர் பால் ஜெரார்டு அடிபட்டுக் கிடந்தார். வெஸ்ட் ஹாமோட பாவ்லோ டி கானியோவுக்கு கோல் போட அருமையான வாய்ப்பு. ஸ்கோர் 1-1. அவர் வந்த பந்தைக் கையால பிடிச்சு நிறுத்திட்டார்.

டி கானியோ அந்த நொடியில டாக்டர் சர்டிஃபிகேட் கேட்கலை. விழுந்தவரை நம்பினார். அந்த நம்பிக்கைதான் ரோஹாஸ் மாதிரி ஆட்கள் திருடுறது. நம்ம துறையில இருக்கிறவங்களுக்கு இது தெரியும்: ராத்திரி ரெண்டு மணிக்கு சும்மா சும்மா அடிக்கிற அலாரத்தை, கொஞ்ச நாள்ல யாரும் எழுந்து பார்க்க மாட்டாங்க. ஊர்ல சொல்ற 'புலி வருது' கதையேதான். இன்னைக்கு ஒருத்தர் விழுந்தா, எதிரணி முதல்ல சந்தேகப்படுது. பிரீமியர் லீக்ல, சிகிச்சை வாங்கின வீரர் கொஞ்ச நேரம் வெளியே நிக்கணும்னு விதியே வந்தாச்சு. நிஜமா வலிக்கிறவரும் அந்த நேரம் வெளியே நிக்கணும்.

அதுதான் என்னோட பதில். பொய்க் காயத்துக்கான விலையைக் கடைசியில கொடுக்கிறது, அடுத்து உண்மையாவே அடிபட்டு விழப்போற அந்த வீரர். அவர் எந்த அணியா வேணும்னாலும் இருக்கலாம்.

உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.